முன்கட்டையில் குங்குமம்

வாசல் மிதியடியில், ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வெறும் காலுறையுமாக நின்றபடி ஜூடித் கேட்டார்: "துவக்கு எங்கே இருக்கிறது?"

ஜூடித் பொலிஸின் துவக்கு அனுமதிப் பிரிவிலிருந்து வந்தவர். அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. நரைத்த கட்டைமுடி, கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க வரும் பரிசோதனை அது. அவருடைய கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரேயொரு பதில்தான் உண்டு: "மேலே, இரும்பு அலுமாரிக்குள், பூட்டியிருக்கிறது."

நான் சொன்ன பதில் வேறு. "முக்கால்வாசி அலுமாரிக்குள் இருக்கிறது. மிச்சம் சரஸ்வதிக்கு முன்னால் இருக்கிறது."

உள்ளேயிருந்து கற்பூர வாசனை வந்துகொண்டிருந்தது. ஜூடித் மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சிவம் அண்ணையின் தொலைபேசி

அதற்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை இந்தப் பக்கத்தில் லிப்ட்டுக்குள் அகப்பட்ட மணப்பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதை வாசித்துவிட்டு கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து சிவம் அண்ணை எடுத்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அடுத்த கிழமை என்ன எழுதப் போறாய்?"

"என்ர துவக்கைப் பற்றி, அண்ணை."

"அட கோதாரி! துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள். இஞ்ச வந்து அதைக் காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறதும் காணாதெண்டு எழுதவும் போறியோ? விசரே உனக்கு?"

சிவம் அண்ணை சொன்னதில் பிழையில்லை. தமிழ்நாட்டு வாசகர்கள் துப்பாக்கி என்று சொல்வதை நாங்கள் துவக்கு என்போம். எங்கள் ஆட்கள் இருக்கும் சபையில் அந்தச் சொல்லைச் சொன்னால் இன்றைக்கும் தேத்தண்ணீர்க் கோப்பைகள் ஒரு கணம் நின்றுதான் பிறகு வாய்க்குப் போகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் நான் முப்பத்திரண்டு வருடம் லிப்ட் திருத்திய ஆள். ஒழுங்காக வேலை செய்கிற ஒரு இயந்திரத்தைக் கண்டால் எனக்கு மரியாதை வந்துவிடும். அது பிறவிக் குணம், மாற்ற ஏலாது.

டெனிஸ் விட்டுப்போனது

டெனிஸும் நானும் ஒரே வான் வண்டியில் இருபது வருடம் ஓடியவர்கள். லண்டன் முழுக்க நாங்கள் ஏறாத லிப்ட் கூரை இல்லை. சனிக்கிழமைகளில் அவன் களிமண் தட்டுச் சுடப் போவான். மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் பாதை முடியும் இடத்துக்கும் அப்பால், ஒரு பண்ணையின் பின்பக்கத்து மைதானம். இயந்திரம் ஒன்று சின்னக் களிமண் தட்டுகளை ஆகாயத்தில் எறியும். அவை பறந்து போகையில் சுட்டு உடைக்க வேண்டும். உயிர் எதுவும் சாவதில்லை. அதனால்தான் நானும் ஒருநாள் கூடப் போனேன்.

அங்கே தட்டு எறிய வேண்டிய கணத்தில் எல்லோரும் "புல்!" என்று கத்துவார்கள். எனக்கு வாயில் வந்தது "விடு!" தட்டு விடுகிற ஆள் இரண்டாம் கிழமையே அதைப் பழகிவிட்டார். இப்போது வேறு யாரும் தடுமாறி நின்றால் அவரே "விடு, விடு" என்று அவசரப்படுத்துகிறார்.

டெனிஸுக்குத் தோளில் சத்திரசிகிச்சை ஆனபின் துவக்குப் பிடிக்க முடியாமல் போனது. தன் பழைய இரட்டைக் குழலை எனக்குத் தருவதாகச் சொன்னான். ஸ்பெயினில் செய்தது, எங்கள் இரண்டு பேரையும்விட வயது கூடியது. "எடுத்துக்கொள். இது உன்னைக் கைவிடாது. நான் கைவிட வேண்டி வந்துவிட்டது" என்று சொன்னபோது அவன் கண் கலங்கிப் போனது. இருபது வருடத்தில் அவன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏன் புகழ்கிறேன் என்றால்

பத்து வருடம். மழை, பனி, சேறு, விரல் விறைக்கிற தை மாதக் காலைகள். ஒரு நாள், ஒரேயொரு நாள்கூட அது அடம்பிடித்ததில்லை. விசையை இழுத்தால் வெடிக்கும். இழுக்காவிட்டால் சும்மா இருக்கும். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். லிப்ட்காரனைக் கேளுங்கள், சொல்லுவான். மேலே ஏறுகிறது எந்த லிப்ட்டும் செய்யும். நிற்க வேண்டிய இடத்தில், நிற்க வேண்டிய கணத்தில், ஒவ்வொரு தடவையும் நிற்கிறதே, அதுதான் விஷயம்.

அதன் இரகசியம் ஒன்றுமில்லை. உள்ளே வேலை செய்கிற சாமான் குறைவு. இரண்டு குழலுக்கு இரண்டு விசை, முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. சுட்டு முடிந்த தோட்டாவைத் தானாகத் தூக்கி எறிகிற ஆடம்பரம் கிடையாது. கொஞ்சமாய் மேலே உயர்த்திக் காட்டும், நீங்களே விரலால் எடுக்க வேண்டும். மூடும்போது ஒரு "டக்". கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே லிப்ட்டுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன் நான். இந்த "டக்"கில் பத்து வருடமாக ஒரு குறையும் கேட்கவில்லை.

எங்கள் மைதானத்தில் பெரிய ஆட்கள் வருவார்கள். ஒருவர் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் புதுத் துவக்கு ஒன்று கொண்டுவந்தார். பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மூன்றாவது சூட்டிலேயே தோட்டா குறுக்கே மாட்டிக்கொண்டது. மனிதர் அன்று முழுக்க அதைக் குலுக்கிக்கொண்டே நின்றார். பக்கத்தில் மார்கரெட், எண்பது வயதை நெருங்கும் பண்ணைக்காரி, தன் ஒற்றைக் குழலை மடக்கிக் கையில் தொங்கவிட்டபடி பார்த்துக்கொண்டு நின்றா. அந்தத் துவக்கின் கட்டை வெடித்து மின்சார வேலைக்காரரின் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். கலியாணம் கட்டிய வருடத்திலிருந்து அவவிடம் இருக்கிறதாம். "புருஷன் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார். இது ஒரு தடவையும் போகவில்லை" என்றா. அந்த ஒற்றைக் குழலை ஒருநாள் கையில் வாங்கிப் பார்த்தேன். கும்பிட வேண்டும் போல இருந்தது.

உந்தச் சாமான்

என் மனைவி மனோகரி அதைத் துவக்கு என்று சொல்லவே மாட்டாள். "உந்தச் சாமான்" என்பாள்.

டெனிஸிடமிருந்து அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் அதை ஒரு தடவை பார்த்தாள். எழும்பிப் பக்கத்து அறைக்குள் போய்விட்டாள். ஒரு கிழமை அளவான கதைதான். "சாப்பிடுங்கோ", "கதவைப் பூட்டுங்கோ", அவ்வளவுதான். பிறகு மெல்ல மெல்ல வழமைக்கு வந்தாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆம்பிளைகளுக்கு அப்படி எடுத்துக்கொள்வது வசதி.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், ரவி. இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன். ஒருநாள் காலையில், முகம் கழுவிக்கொண்டிருந்தவனைத் துவக்கோடு வந்த நாலு பேர் கூட்டிக்கொண்டு போனார்கள். தோளில் போட்டிருந்த துவாயோடு போனான். கூட்டிப் போனது யார் என்று இன்றைக்கும் தெரியாது. அவன் திரும்பி வரவில்லை.

இது தெரிந்திருந்தும்தான் நான் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

சட்டப்படி அலுமாரிப் பூட்டைத் திறக்கும் திறப்பு இருக்கும் இடம் அனுமதி வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கலாம். எங்கள் கலியாண வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரேயொரு இரகசியம் அதுதான். அவளும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சின்ன அறையைக் கூட்டும்போதுகூட அலுமாரிக்கு ஒரு சாண் தள்ளித்தான் தும்புத்தடி போகும்.

ஆயுத பூசை

ஒவ்வொரு நவராத்திரிக்கும் முன்னறை மூலையில் கும்பம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அவள் புத்தகங்களை அடுக்குவாள். ஆயுத பூசையன்று என்னுடைய நட்டுக் கழற்றும் சாவிகளும் மட்டம் பார்க்கும் நீர்மட்டமும் மின்சாரம் பார்க்கும் கருவியும் போய்ச் சேரும். ஓய்வு பெற்ற பிறகும் அவை போகின்றன. துவக்கை வைக்கிற எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. வந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

அன்றைக்குக் காலையில் சந்தனம் குழைத்தபடி அவள் கேட்டாள்: "எல்லாம் வைச்சாச்சே?"

"ஓம்."

"உந்தச் சாமான்?"

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. "எந்தச் சாமான்?"

"மேல இருக்கிறது. அதுவும் ஆயுதம் தானே? கொண்டுவந்து வையுங்கோ."

"என்னப்பா சொல்லுறீர்? பூசையில வைச்சால் நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம். ஒரு இரா முழுக்க வெளியில விடச் சட்டம் விடாது."

அவள் யோசித்தாள். "அப்ப ஒரு துண்டையாவது வையுங்கோவன்."

என் துவக்கு மூன்றாகக் கழலும். குழல்கள், பின்கட்டை, பிறகு குழல்களுக்குக் கீழே இடக்கை பிடிக்கிற முன்கட்டை. முன்கட்டை ஒரு சாண் நீளம், மரத்துக்குள் இரும்பு பதித்தது. அது தனியாக ஒன்றும் செய்யாது, அது இல்லாமல் மற்ற இரண்டையும் பூட்டவும் முடியாது. அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். பத்து வருடத்தில் அவள் கை அதில் பட்டது அன்றைக்குத்தான். மரத்தில் பூசினால் கறை படியும் என்று இரும்புப் பக்கத்தை மேலே திருப்பி, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று பயம்.

பூசை முடிந்தது. கடலை தாளிக்கும் வாசனை வந்தது. பிற்பகலில் வாசல் மணி அடித்தது.

அப்போதுதான் என் மூளைக்கு வெளிச்சம் வந்தது. ஜூடித்தின் கடிதம் வந்த அன்றே நாளைக் குறித்து வைத்தவன்தான். குறித்தது கவுன்சில் குப்பை எடுக்கிற நாட்காட்டியில். நவராத்திரி தமிழ்க் கலண்டரில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற புத்தி எனக்கு வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.

மூன்றாவது எண்

ஜூடித் கெட்டிக்காரி. முதலில் மேலே போனார். அலுமாரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சுவரில் ஆணி இறுக்கமாக இருந்தது. குழல்களில் அடித்திருந்த எண்ணைத் தன் தாளோடு ஒப்பிட்டார். பின்கட்டை இரும்பில் இருந்ததையும் ஒப்பிட்டார். மூடித் திறந்து பார்க்க ஆசைப்பட்டவர் போல என்னைப் பார்த்தார். முன்கட்டை இல்லாமல் எப்படி மூடுவது? பிறகு கீழே வந்து பூசைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, சின்ன டோர்ச்சை அடித்துக் குனிந்தார்.

"அழகாக இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு எண்கள் தெரியவில்லை" என்றார்.

பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் சரியாக அந்த இரண்டு எண்களுக்கு மேலேதான் இருந்தன. இவ்வளவு இரும்பில் வேறு இடமா இல்லை! துடைக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ!" மனோகரியின் குரல் சமையலறை வாசலிலிருந்து வந்தது. "நாளைக்குக் காலமைப் பூசை செய்யாமல் ஒருத்தரும் தொடக் கூடாது."

ஜூடித்துக்கு நான் விளக்கம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பார்க்காத எண்ணைப் பார்த்தேன் என்று என்னால் எழுத முடியாது. உங்கள் பத்திரம் இன்றோடு முடிகிறது. நான் கையெழுத்து வைக்காவிட்டால் துவக்கு இந்த வீட்டில் இருக்க முடியாது. இப்போது என்னோடு கொண்டுபோக வேண்டிவரும்."

அப்படிப் போன துவக்குகள் திரும்பி வர மாதக்கணக்காகும். சிலது வருவதே இல்லை. டெனிஸின் கலங்கிய கண்தான் நினைவுக்கு வந்தது.

"அதற்கு முன்னால் இன்னொன்று. உங்கள் மனைவியோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். இப்போது வீட்டில் இருப்பவர்களையும் கேட்கிறோம்."

என்னைச் சமையலறைக்குள் அனுப்பினார்கள். போன தடவை வந்தவர் இப்படிக் கேட்கவில்லை. அது முழுதாக மூடாத கதவு, பாதி வீட்டுச் சத்தம் அதற்குள்ளால் வரும். கடலைச் சட்டியைக் கிளறுவது போல நின்றேன்.

"இந்தத் துவக்கு இந்த வீட்டில் இருப்பது உங்களுக்குச் சம்மதமா?" என்று ஜூடித் கேட்டார்.

என் கை நின்றுவிட்டது. பத்து வருடத்தில் அந்தக் கேள்வியை நான் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து கேட்க வேண்டியிருந்தது. இல்லை என்று அவள் ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. சொன்னால் நானே துவக்கைக் காரில் ஏற்றிவிடுவது என்று அந்தக் கணத்தில் முடிவெடுத்தேன்.

மனோகரி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். வேறு மாதிரி எனக்கு எழுத வராது.

"எனக்கு ஒரு தம்பி இருந்தவன். ஒருநாள் காலமை ஆக்கள் துவக்கோட வந்து கூட்டிக்கொண்டு போனவை. நான் அரசாங்கக் கந்தோர் கந்தோராப் போனன். எத்தினை வருசம். அந்தத் துவக்கு ஆருடையது, என்ன நம்பர், ஆர் அதுக்குப் பொறுப்பு எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. ஒருத்தரும் தேடவும் இல்லை."

பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இந்தத் துவக்கைப் பாக்க நீங்கள் வாறியள். நம்பர் பாக்கிறியள். அலுமாரியை ஆட்டிப் பாக்கிறியள். இவரின்ர டொக்டரைக் கேக்கிறியள். உங்கட கடிதத்தில மனிசியையும் கேப்பம் எண்டு போட்டிருந்தது, நான் வாசிச்சனான். என்னையும் கேக்கப் போகினம் எண்டு தெரிஞ்ச பிறகுதான் எனக்கு அதைத் தொடலாம் போல இருந்தது. இண்டைக்குத்தான் தொட்டனான். ஓம், இருக்கட்டும். ஆனா எப்பவும் வந்து பாருங்கோ. வராமல் விட்டிடாதேங்கோ."

நான் அகப்பையை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே அழுதேன். கடலை அடிப்பிடித்தது.

பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, கற்பூரம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

கற்பூரம் கொளுத்தினாள். நாளைக்குக் காட்ட வேண்டிய தீபத்தை இன்றைக்கே காட்டினாள். கண்ணை மூடி ஏதோ சொன்னாள், மன்னிப்புக் கேட்டிருப்பாள். பிறகு முன்கட்டையை எடுத்து, தன் பெருவிரலால் அந்த இரும்பைத் துடைத்தாள். ஜூடித்திடம் கொடுக்கவில்லை. தானே வெளிச்சத்துக்குப் பிடித்து எண்ணை வாசித்தாள், ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஜூடித் தாளில் பேனாவை வைத்துக்கொண்டு வந்தார். கடைசி இரண்டும் சரியாக இருந்தன.

ஜூடித் கையெழுத்து வைத்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அடிப்பிடிக்காத கடலையாகப் பார்த்து மனோகரி கட்டிக் கொடுத்த சின்னப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு, "வருவேன்" என்று அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

முன்கட்டையை மேலே கொண்டுபோய் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். அது என் பழக்கம், ஒரு தூசி இருக்கவும் விட மாட்டேன். மரத்தைத் துடைத்தேன், இரும்பைச் சுற்றித் துடைத்தேன். கடைசி இரண்டு எண்களின் பள்ளத்தில் மட்டும் குங்குமம் சிவப்பாக நின்றது. அதில் துணியை வைக்கவில்லை. எண் இப்போது முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. அடுத்த தடவை வருகிறவருக்கு டோர்ச் தேவைப்படாது.